புது ட்ரிகருக்குச் சந்தனம்

செப். 20, சனி
கொளுத்தும் வெயில். திருப்பதி துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இருபதுக்குப் பதினொன்று. கண் சரி, தோள் சரி. ஆள்காட்டி விரலில்தான் வீக்கம். ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் குழல் நகர்ந்துவிடுகிறது.

அக். 4 கோச் முன்னால் இருபதுக்குப் பதினைந்தாவது சுட்டுக் காட்டிச் சான்றிதழ் வாங்கவேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். மறைந்த என் கணவரின் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கொழுந்தன் தயாளன் பெயருக்குப் போய்விடும். சித்தூர் திரும்பும்போது காரிலேயே ஆரம்பித்தான்.

"எழுபத்திரண்டு வயசுல இன்னாத்துக்கு அண்ணி இது? எம் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க."

இவன் சொந்தத் துப்பாக்கி துருப்பிடித்துப் போனது எனக்குத் தெரியாதா.

செப். 22, திங்கள்
திருப்பதி, பாஷா கடை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக். கம்பெனி ட்ரிகரை எடுத்துவிட்டு, இதே மாடலுக்கென்று வரும் இலகுவானதைப் போடலாம் என்றார். எதற்கு, வீட்டிலேயே ஸ்பிரிங்கை வெட்டிவிடலாம், யூடியூபில் இருக்கிறது என்றான் தயாளன். பாஷா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த மாதிரி வெட்டனதெல்லாம் கடைசில எங்கிட்டதான் சார் வரும். ஆளு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவாரு."

செப். 25, வியாழன்
தூறல். ரைஃபிள் வந்தது. இழுத்தால் விரல் வலிக்கவில்லை. பாஷா சொன்னவை:

1. காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே எதுவும்.
2. வீட்டில் பழகப் போலித் தோட்டா மட்டும்.
3. வாரம் ஒருமுறை, காலியாக, விசையை ஏற்றி, ரப்பர் பாய்மேல் அடிக்கட்டையைத் தட்டவும். சேஃப்டி போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை. 'டக்' என்றால் ட்ரிகரைத் தொடாமலே விசை விழுகிறது; மேற்கொண்டு தொடாமல் கொண்டுவரவும்.
4. உள்ளே தூசி, பிசுக்கு கூடாது. பழைய ட்ரிகர் முரடு, தாங்கியது. இது தாங்காது.

தட்டினேன். சத்தமில்லை. தயாளனுக்கு நான்கையும் வாசித்துக் காட்டினேன். கொட்டாவி.

செப். 27, சனி
பதினேழு! வழியில் பாகாலாவில் டீ குடிக்கும்போதுகூடத் தயாளன் எழுதிக் கொடுக்கும் பேச்சை எடுக்கவில்லை.

அக். 1, புதன்
ஆயுத பூஜை. தையல் மிஷின், கார், அரிவாள்மனை, ரைஃபிள் (காலி. தோட்டாக்கள் மாடிப் பெட்டியில்). அவர் வருடாவருடம் வைத்த இடங்களிலேயே சந்தனம், குங்குமம். வேலைக்காரி கலா பொட்டு வைக்க வந்தாள். கை கழுவாமல் தொடாதே என்று விரட்டினேன். பொரி நமுத்துவிட்டது.

அக். 3, வெள்ளி
காலை, வாரத் தட்டல். காலிதான், மூன்று தரம் பார்த்தேன். சேஃப்டி எடுத்து ஒரு தட்டு. டக்.

அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கலா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோட்டா இருந்திருந்தால்?

வெள்ளிக்கிழமை, பாஷா கடை கிடையாது. போனில் நாளை மதியம் வரச் சொன்னார். தேர்வோ காலை பத்துக்கு.

"ரேஞ்சுல இன்னா தட்டியா பாக்கப் போறாங்க? சுட்டுட்டு வந்து அப்பறமா காட்டிக்கலாம் அண்ணி."

பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக். 4, சனி
ரைஃபிளைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. கோச்சிடம் சொன்னேன். இன்றைய பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, அக். 18 என்று எழுதினார். லைசென்ஸ் 31 வரை. இனி ஒரு வாய்ப்புதான்.

மதியம் பாஷா பிரித்துக் காட்டினார். ட்ரிகருக்குள் கொக்கி பிடிக்கும் இடத்தில் காய்ந்த மஞ்சள் பொருக்கு, சிவப்புத் துணுக்கு.

"சந்தனம் யாரும்மா வெச்சது?"

"வேலைக்காரிதான் வெச்சிருப்பா. அதுக்கு இன்னா தெரியும்" என்றான் தயாளன்.

"நான்தான் வெச்சேன்."

பாஷா பிரஷ்ஷை எடுத்தார். நான்காவது விதி என் கையெழுத்திலேயே இருக்கிறது. சந்தனம் பிசுக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது தயாளன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்: "அண்ணனும் அங்கதான் வெப்பாரு அண்ணி."

அக். 18, சனி
மழை. தட்டினேன். சத்தமில்லை. இருபதுக்குப் பதினாறு. சான்றிதழ் கையில்.

அடுத்த வருடம் பொட்டு துப்பாக்கிப் பெட்டிக்கு மட்டும். கலா வைக்கட்டும்.