ஒரு வேளையும் ஒருவேளையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம்.

மருந்து நினைவூட்டும் எங்கள் செயலிக்கு நான்தான் தமிழ் எழுதுகிறேன். புதிய மாற்றத்தை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பத் துடித்தார் மேலாளர். "முதல்ல பத்துப் பேருக்கு மட்டும் அனுப்புங்க தம்பி" என்று பிடிவாதமாக நின்றேன். மறுநாளே அந்தப் பத்துப் பேரில் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "இதய மாத்திரையை ஒருவேளை சாப்பிடவும்னு போட்டிருக்கே. சாப்பிடணுமா, வேண்டாமாம்மா?"

தினம் ஒரு தடவை என்று சொல்லும் 'ஒரு வேளை'க்கு நடுவே இடைவெளி விடாமல், அதை 'சாப்பிட்டாலும் சாப்பிடலாம்' என்பது போல் ஆக்கியது நானேதான். பெரியவரை உடனே சாப்பிடச் சொல்லிவிட்டுத் திருத்தினோம். "நல்லவேளை, பத்தே பேரு!" என்று சிரித்தார் மேலாளர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்திய நம் அப்பா விட்டுப்போன பூதக்கண்ணாடி உங்கள் அலமாரியில் இருக்கிறது, அனுப்பிவையுங்கள்; இனி ஒவ்வோர் இடைவெளியையும் அதை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன். அலுவலக வண்டி வந்துவிட்டது. பதில் நீளமாக எழுதுங்கள். வழக்கம்போல உங்கள் கடிதத்தின் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப மாட்டேன், இம்முறை பிழை என்னுடையது.

உங்கள் தங்கை