ஜோசபினுக்கு இரண்டு காய்ச்சல்

சீரியா, புருணை
8.3.1987

அன்புள்ள உர்சுலாவுக்கு,

உனக்கும் நம் மகளுக்கும் மாதா துணை. கடிதம் கிடைத்தது. அச்சுப் புத்தகம் போல அழகாக இருக்கிறது. அதுதான் எங்கோ உதைக்கிறது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. போன மாதக் கடிதத்தில் ஜோசபினுக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விட்டாள். இந்த மாதமும் அதே காய்ச்சல், அதே திங்கட்கிழமை, எழுத்துப் பிசகாமல்! எதை மறைக்க இந்தப் பல்லவி? யார் உனக்கு டைப் அடித்துக்கொடுப்பது? நீ புகழ்ந்து தள்ளும் அந்தக் கம்ப்யூட்டர் வாத்தியார் சுந்தரமா?

இயேசுதாசன்

தோ பாயோ, சிங்கப்பூர்
19.3.1987

அன்புள்ள அத்தான்,

நாங்கள் நலம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போன மாதக் கடிதம் கம்ப்யூட்டர் டிஸ்கில் அப்படியே இருந்தது. சமூக நிலைய வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அதையே திறந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதினேன். காய்ச்சல் பத்தியை அழிக்க மறந்துபோனேன், அவ்வளவுதான். பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கிறாள். தட்டியதும் என் விரல்கள்தாம். வேண்டுமானால் இனிக் கையால் எழுதுகிறேன். வகுப்பை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

அன்பு மனைவி
உர்சுலா

சீரியா
2.4.1987

உர்சுலா,

மறந்துபோனாயாம்! இந்தக் கதையை நம்ப நான் சின்னப் பிள்ளையா? குடும்பப் பெண்ணுக்கு மாலை வேளையில் என்ன வகுப்பு? உடனே நிறுத்து.

இயேசுதாசன்

தோ பாயோ
16.4.1987, பெரிய வியாழன்

அத்தான்,

இதைக் கையால் எழுதுகிறேன். நேற்று வகுப்பு வாசலில் உங்கள் நண்பர் ஜார்ஜ் அண்ணன் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். வெளியே போய் என்னவென்று கேட்டேன். "தாசன்தான் ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொன்னான் லா, தங்கச்சி. எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அச்சுக்கோக்க எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நானும் சம்பாதித்தால் நீங்கள் புருணையை விட்டு வீட்டோடு வந்துவிடலாம் என்றுதான் படிக்கப் போனேன். ஈஸ்டருக்குச் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வேலையில் சேர்கிறேன். உங்களை வரச் சொல்லத்தான் இப்போது மனம் வரவில்லை.

உர்சுலா