மடியில் தைத்த விரிப்பு

ஜூன் 8

அடி வாயாடி,

நான் நலம். நீ நலம் என்பது உன் கடிதத்தின் கனத்திலேயே தெரிந்தது.

விடுதி நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து நீ வரைந்து அனுப்பிய படத்தின்படியே விரிப்புக்காகச் சாக்கை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். கொக்கியை மேலிருந்து குத்தி, அடியில் பிடித்த துணிக்கீற்றைச் சின்னச் சின்ன வளையமாக, கண் கண்ணாக மேலே இழுத்தேன். ஒரு கண்ணை இழுத்தால் முந்தைய கண் உள்ளே போய்விடுகிறது. எப்படியோ ஒரு மூலையை நிரப்பினேன். நேற்று அம்மா தூசி என்று நினைத்து ஓர் உதறு உதறினாள். சாக்கு பழையபடி சாக்காகிவிட்டது. அழுகை வந்தது. அழவில்லை.

கொக்கி எனக்குச் சரிப்படாது. அடுத்த படத்தில் இருக்கும் பின்னல் விரிப்பைச் செய்யலாம். மூன்று கீற்றைச் சடை மாதிரிப் பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓரத்தோடு ஓரம் தைக்க வேண்டும். நான் வேலை செய்யும் தையல்கடையில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. கீற்றுகளில் பாதியை அனுப்புகிறேன். நீ பின்னி அனுப்பு, என்னுடையதோடு சேர்த்துத் தைக்கிறேன். உன் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாம் எடுக்கப்போகும் அறையில், இரண்டு கட்டிலுக்கும் நடுவே போடுவதற்கு. மறந்துவிடவில்லையே?

கடையில் மாஸ்டர் பேசுகிறார், நான் தலையாட்டுகிறேன். வேறு பேச்சில்லை.

உன் கோட்டான்


ஜூன் 21

என் ஊமைக்கோட்டானே,

கீற்று வந்தது. முதல் பின்னல் இதோ, பச்சையும் சாம்பலும். அறை மறக்குமா? சன்னலோரக் கட்டில் எனக்கு, இப்போதே சொல்லிவிட்டேன்.

இங்கே எந்நேரமும் தேர்வுதான். வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னதற்கு ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பப் பள்ளிக்கே வரவில்லையே நீ. எனக்கும் சில நாள் அப்படிப் போய்விடத் தோன்றுகிறது. அறைத்தோழிகள் இருவர்தான் ஆறுதல். ஒருத்தி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறாள், அதுவும் தப்பாக.

மீதியைச் சீக்கிரம் அனுப்புகிறேன்.

உன் வாயாடி


ஜூலை 14

வாயாடிக்கு,

விரிப்பு விரியவே மாட்டேன் என்கிறது. நாலு சுற்று தைத்ததும் ஓரம் எழும்பி, கிண்ணம் மாதிரி நிற்கிறது. மேலே ஏறி நின்று மிதித்தேன். இறங்கியதும் எழுந்துகொண்டது. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் கிண்ணம். மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யார் தலைக்கும்மா அளவெடுத்தே?” என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து மேசைக்கு அடியில், மடியில் மறைத்து வைத்துத்தான் தைக்கிறேன்.

இன்னொன்று. இரண்டாவது பார்சலில் வந்தது உன் பின்னல் இல்லை. எட்டாம் வகுப்பு முழுக்க என் சடையைப் போட்டவள் நீ, காதுக்குப் பின்னால் வலிக்கும். உன் கை எனக்குத் தெரியாதா? இதில் ஒரு துண்டு தொளதொளவென்று இருக்கிறது. ஒரு துண்டில் கீற்றின் ஓரத்தை உள்ளே மடிக்கவே இல்லை, நூல் பிரிகிறது. யார் பின்னியது?

உன் கோட்டான்


ஜூலை 29

கோட்டானே,

போலீஸ் வேலைக்குப் போகவேண்டியவள் நீ! ஆமாம், என் அறைத்தோழிகள் இருவரும்தான் பின்னினார்கள். எனக்கு நேரமே இல்லை, இவர்களுக்கும் பொழுது போயிற்று. பின்னல் பின்னல்தானே, இதற்கா கோபம்?

ஒரு சேதி. கல்லூரியிலும் மூவரும் ஒரே அறையில் இருக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். விரிப்பை அங்கேயே போட்டுக்கொள்ளலாம், நீ விடுமுறைக்கு வந்து பார். கிண்ணமாகவே இருந்தாலும் பரவாயில்லை, பழம் போட்டு வைப்போம்.

வாயாடி


ஆகஸ்ட் 19

வாயாடிக்கு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் எனக்கு யாரிடமும் பயமில்லை. அவ்வளவு கோபம். விரிப்பைத் துணி வெட்டும் மேசை மேல் போட்டு, உன் தோழிகள் பின்னியதை எல்லாம் பிரித்தெடுத்தேன். கிண்ணத்தையும் நடுவட்டம் வரை பிரித்து, அங்கேயே நின்று திரும்பத் தைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில்தான் கவனித்தேன், ஓரம் எழும்பவில்லை. இத்தனை நாள் மடியில் வைத்து இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறேன். அது என் மடியின் வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. மேசையில் வைத்தால் பின்னல் தானாக வளைகிறது, இழுக்கத் தேவையில்லை. உன் புத்தகத்தில் இதை எழுதவில்லையா, நீதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லையா?

மேசையில் வைத்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். ரவிக்கை வாங்க வந்த ஓர் அம்மா, எப்படிச் செய்வது என்று கேட்டார். “சடைதாங்க. சுத்திச் சுத்தித் தைக்கணும். மடியில வெச்சுத் தைச்சா மட்டும் கிண்ணமாயிடும்” என்றேன். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். “அட, இது பேசுமா?” என்றார்.

உன் தோழிகளின் பின்னல்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் அறைக்கு வேண்டுமானால் நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துத் தையுங்கள்.

நாம் எடுப்பதாக இருந்த அறையைப் பற்றி இனி எழுத மாட்டேன். விரிப்பை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். சன்னலோரம்தான். சிறியது, இரண்டு கால் வைக்கலாம்.

நீ முதலில் அனுப்பிய பச்சையும் சாம்பலுமான பின்னல் நாலாவது சுற்றில் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. கடைசி முனையை மடித்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னும் தைக்கவில்லை, மூன்று கீற்றையும் சேர்த்து ஓர் ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். சாம்பல் துணி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீயே பின்னுவதானால் எழுது, அனுப்புகிறேன்.

கோட்டான்