மூடியைப் பிடித்திருந்த நாலு வரிகள்

புது மில் ஒன்றுக்காக இன்று காலை அந்தக் கோப்பைத் திறந்தேன். பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரங்களை ஓட்டும் நம் புரோகிராமை எப்படி உருவாக்க வேண்டும் என்று எழுதிய வரிகளை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்கும், அவற்றை ஒன்றாகக் கோக்கும் லிங்கருக்கும் ஃப்ளாக் என்ற கட்டளைகளைக் கொடுக்கும் கோப்பு. நடுவில் நீ எழுதிவைத்த குறிப்பு அப்படியே இருக்கிறது: "இதுக்குக் கீழ எதை மாத்துனாலும் மெஷின்ல ஓட்டிப் பாக்காம அனுப்பாத."

நான் ஒருமுறை மாற்றினேன்.

இயந்திரத்தை இயக்கும் கண்ட்ரோலரின் நினைவகத்தில் இடம் போதவில்லை என்று லிங்கர் அன்று மறுத்துக்கொண்டே இருந்தது. புரோகிராமைச் சுருக்கும் ஃப்ளாக்கைப் போட்டதும் அடங்கிவிட்டது. பக்கத்து இருக்கையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"இம்புட்டுச் சுருங்குச்சுன்னா எதையோ தூக்கியிருக்குடி. என்னன்னு பாரு."

"நாளைக்குப் பாக்குறேன்" என்றேன். நீ கிளம்பியதும் மில்களுக்கு அனுப்பிவிட்டேன்.

தூக்கியது நீ எழுதிய நாலு வரிகளை. நிறுத்திய பிறகும் உள்ளே முள் உருளை கொஞ்ச நேரம் சுழலும். அது ஓயும்வரை மூடியின் பூட்டு திறக்காதபடி, சும்மா எண்ணிக்கொண்டிருக்கும் வரிகள். எண்ணுவதால் எந்தப் பயனும் இல்லையென்று கம்பைலர் நீக்கிவிட்டது.

மறுநாள் வேடசந்தூர் மில்லில் பஞ்சு அடைத்துக்கொண்டதென்று உன்னைக் கூப்பிட்டார்கள். நான் அனுப்பியது உனக்குத் தெரியாது. நிறுத்தினாய், பூட்டு உடனே திறந்தது. மற்ற இயந்திரங்களின் இரைச்சலில் உருளை சுழல்வது கேட்டிருக்காது. பூட்டை நம்பித்தான் கையை விட்டிருப்பாய். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் உயிர் போய்விட்டது.

உன் கவனக்குறைவு என்று மில்லில் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு திண்டுக்கல்லில் உன் வீட்டுக்குப் போய் உன்னைப் பெற்ற அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. கேட்டது இதுதான்.

"அதே புரோகிராம் வேற எங்கயும் ஓடுதாம்மா?"

"இன்னும் மூணு மில்லுல ஓடுதுங்கத்தா."

"அப்ப இங்க என்னம்மா பண்ற? எந்திரிச்சுப் போ."

வேடசந்தூரிலும் அந்த மூன்றில் இரண்டு மில்களிலும் அன்றே நிறுத்தவைத்தேன். மூன்றாவதில் இயந்திரம் நின்ற இடம் காலியாக இருந்தது. நான் பேசாமலிருந்த அந்த ஒரு மாதத்தில் விற்றுவிட்டார்களாம். லாரியில் ஏற்றிப் போனவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

விடுமுறை நாளெல்லாம் ஒவ்வொரு ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கோ ஒரு கொட்டகையில் அது ஓடுகிறது. பஞ்சு அடைக்கும்போது யாரோ அதை நிறுத்துவார்கள்.