ஆனைச்சுனைச் செம்பாசியைக் குலம் மாற்றி எழுதிய பிழை குறித்து

மங்கலம் பெருகுக. சுனை ஏழுடைய நீர்மலைநாட்டை ஆளும் இளங்குறிஞ்சித் தேவி, அண்டி வந்தோரைக் கைவிடாத தேன்பாறை நாட்டுக் கோமான் நன்னிமாறர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் தினைப்புனங்கள் விளைக. தங்களிடம் அடைக்கலம் புகுந்த ஆனைச்சுனைக் குடிகள் நாற்பதும் நலமே வாழ்க. அவர்களை வாழ்த்தும் தகுதி நமக்கு இல்லைதான், ஆயினும் வாழ்த்துகிறோம்.

நம் நீர்த்துறை அமைச்சன் பெருஞ்சேந்தனைத் தாங்கள் அறிவீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் மலைமலையாக அலைந்து, நாட்டிலுள்ள பாசிகளுக்கெல்லாம் குலம் பிரித்து ஏடு எழுதியவன். பிறப்பையும் வளர்ப்பையும் பாராமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்தான். பச்சையெல்லாம் நற்குலம், அந்நீரைப் பருகலாம். சிவப்பெல்லாம் நச்சுக்குலம், அந்நீரைத் தொடலாகாது. அந்த ஏட்டைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டான், அவ்வளவு தலைக்கனம்!

சென்ற கோடையில் ஆனைச்சுனை முழங்காலளவுக்கு வற்றிச் சிவந்தது. சேந்தன் போய் நின்றான். சுனை காக்கும் சாத்தி என்பவள் அவனை மறித்துச் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: “சாமி, இது வேற பாசி இல்ல. மாசியில பச்சையா நீந்துன அதே பாசிதான். தண்ணி வத்துனா தோலு தடிச்சு, செவந்து, சுருண்டு படுத்துக்கும். ஒரு சட்டியில அள்ளி நல்ல தண்ணி ஊத்தி மூணு நாள் வைங்க. பச்சையாகலைன்னா என்னைக் கேளுங்க.”

அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை. சுனைக்கரை கூட்டுகிறவள் தனக்குப் பாசி பற்றிக் கற்பிப்பதா என்று நகைத்து, அன்று நண்பகலே சுனையை வெட்டி வடியவிட்டான். ஊரார் குடிக்க வேறு நீர் உண்டா என்று கேட்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. குடிக்க நீரின்றி ஊரைவிட்டு, இரண்டு நாள் வெயிலில் நடந்து அவர்கள் தங்கள் தேன்பாறை எல்லையை அடைந்தார்கள். தன் பங்கு நீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு நடந்த கொற்றன், சாத்தியின் கணவன், வழியிலேயே விடாய் தாங்காமல் மாண்டான்.

மழை தொடங்கும் வேளையில் சேந்தன் மீண்டும் அங்கே போனான். காய்ந்த பாறையில் பாசி செம்பொருக்காக ஒட்டியிருந்தது. அதன்மேல் மழைநீர் தேங்கியது. மூன்றாம் நாள் பச்சை படர்ந்தது. சிறியதைப் பெரிதாகக் காட்டும் படிகமணி வைத்துப் பார்த்தான். செம்பொருக்கின் சிறுமணிகள் வெடித்து, உள்ளிருந்து பச்சைக் குஞ்சுகள் இரண்டிரண்டு மயிரை ஆட்டிக்கொண்டு நீந்தின. எல்லாம் ஒரே குலம். அவன் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள்.

அரசவைக்கு வந்து, ஏட்டை எரிக்க இசைவு கேட்டான். மறுத்தோம். எரித்தால் பிழையும் சேர்ந்து மறைந்துபோகும், அவனுக்கு வசதிதான். அவன் புறப்படுமுன் சுனையை வடிக்கும் ஆணையில் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை வைத்தது நம் கை என்பதையும் மறைக்கவில்லை.

சாத்தியைத் திரும்பி வரச் சொல்ல நமக்கு வாயில்லை. ஆகவே நம் ஆணை சேந்தனுக்கே. அவன் சுனையின் செம்பொருக்கை ஒரு சட்டியில் இட்டு, இவ்வோலையோடு நடந்தே வருவான். சாத்தியின் வாசலில் வைத்துவிட்டு நிற்பான். தன் கையால் அதில் ஒரு துளியும் ஊற்றலாகாது. அவள் நீர் வார்த்துப் பச்சையான பின், தன் ஏட்டிலுள்ள பழைய வரியைச் சுரண்டாமல், அதன் கீழே அவள் சொல்லை அவள் பெயரோடு எழுதிக்கொண்டு திரும்புக. வார்க்காவிட்டால் அங்கேயே காத்திருக்க. தாங்கள் அவனுக்காக அவளிடம் பரிந்து பேச வேண்டாம்.

சுனைமுத்திரை இட்டு முடித்தோம். நாம் சொல்லச் சொல்ல இவ்வோலையை எழுதியவனும் பெருஞ்சேந்தனே. கொற்றன் பெயர் வரும் இடத்தில் எழுத்தாணி ஓலையைக் கிழித்திருக்கிறது. மாற்று ஓலை கேட்டான், கொடுக்கவில்லை.