கூனி வாடை வந்த திசை

கத்தரிக்காயோடு வதக்கலாம் என்று இன்று காலை கூனி டப்பாவைத் திறந்தேன். நீ கொண்டுவந்து கொடுத்தது. நகக்கண் அளவுகூட இல்லாத அந்தக் காய்ந்த பொடி இறாலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாடையோ, மூடியைத் திருகியதும் சமையற்கட்டு முழுக்க ஏறிவிட்டது. கூடத்திலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். “அத்தை, அதை மூடுங்க, துணியெல்லாம் பிடிச்சுக்கும்.” நான் மூடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் நீ நாகப்பட்டினத்திலிருந்து கீழ்வேளூருக்கு அன்னக்கூடையோடு பஸ் ஏறி வந்தாய். எங்கள் வாசல்படியில் கூடையை இறக்கிவைத்து, “அக்கா, சங்கரா வந்துருக்கு, வந்து பாருங்க” என்பாய். கூடை ஒருநாளும் படியைத் தாண்டியதில்லை. நீயும் தாண்டியதில்லை. உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை. நீ படியிலும் நான் நிலைப்படியிலும் உட்கார்ந்து, நீ மீன் ஆய்ந்து முடிக்கும்வரை ஊர்க்கதை எல்லாம் பேசுவோம்.

அப்படி ஒருநாள்தான் கேட்டேன், உனக்கு எதைப் பார்க்க ஆசை என்று. வேளாங்கண்ணித் தேர், திருப்பதி என்று ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன்.

“உயிரோட ஒரு திமிங்கிலம்” என்றாய், செவுளைப் பிடுங்கிக்கொண்டே.

சின்ன வயதில் உங்கள் கரையில் ஒன்று செத்து ஒதுங்கியதாம். ஊரே போய்ப் பார்த்ததாம். நீ அதன் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறாய். உயிரோடு இருந்தபோது இது எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அன்று உன்னைப் பிடித்தது, விடவேயில்லை. உன் வீட்டுக்காரர் இருந்தவரை அவரைக் கேட்டிருக்கிறாய். கடலில் ஆயிரம் இருக்கும், பொம்பளைக்கு அதெல்லாம் எதுக்கு என்றாராம்.

“அக்கா, நான் வித்த மீனை எண்ணி முடியாது. ஆனா எல்லாம் செத்த மீனு. உயிரோட நீந்துற மீனை நான் பார்த்ததே கெடையாது. போட்ல கால் வெச்சதே இல்லையே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெல் விளையும் ஊரில் பிறந்தவள் வயலில் இறங்காமலேயே கிழவியானது மாதிரி அல்லவா இது? அன்றிலிருந்து அந்த ஆசை என்னையும் தொற்றிக்கொண்டது.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்டிருப்பதாகவும், திருகோணமலைப் பக்கம் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்றும் என் மகன் சொன்னான். நமக்குத் தோதான மாதம் ஒன்றுதான் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம்; உன் கூடைக்கு வேலையில்லை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. என் வயலுக்கும் வேலையில்லை. கடலும் வயலும் சேர்ந்து விடுமுறை விட்டால்தான் உன்னையும் என்னையும் மாதிரி இரண்டு பேர் ஒன்றாக ஊர் சுற்ற முடியும்.

பாஸ்போர்ட் வந்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. “அடி, நீதான் எனக்கு அக்கா” என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகும் நீ என்னை அக்கா என்றாய், நான் உன்னை வா, போ என்றேன். அதில் மாற்ற வேண்டியது எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை.

கப்பலில் நீ ஜன்னலை விட்டு நகரவில்லை. கோடு எங்கே, கோடு எங்கே என்று தேடினாய். உங்கள் வீட்டு ஆண்கள் தாண்டிவிடுவார்களோ என்று நீ வருஷக்கணக்கில் பயந்து கிடந்த எல்லைக்கோடு. தண்ணீர்தான் இருந்தது. “ஒண்ணுமே இல்லையேக்கா” என்று ஏமாந்துபோனாய்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கரையில் முழங்கால் தண்ணீரில் படகு நின்றது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நீ மட்டும் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாய்.

“எங்க ஊர்ல பொம்பளைங்க போட்ல ஏற மாட்டோம் தம்பி” என்றாய் படகுக்காரரிடம்.

“எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் அம்மா. என்ர மனுசி இன்னும் ஏறினதில்ல. நீங்கள் இண்டைக்கு டூரிஸ்ட் தானே, ஏறுங்கோ.”

நீ கடல்நீரைக் கையில் அள்ளிப் படகின் விளிம்பில் தெளித்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாய்.

முதல்நாள் புறாத்தீவு. அது தேசியப் பூங்கா, பவளப்பாறையை மிதிக்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்று காவலர் சொன்னதை நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டாய். வாடகைக்கு எடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து முகத்தை உள்ளே விட்டாய். சட்டென்று நிமிர்ந்து என் கையைப் பிடித்தாய்.

“அக்கா, அது கணவாயா? பழுப்பா வரி ஓடுது, அழியுது, திரும்ப ஓடுது. நான் வெள்ளைன்னுல்ல நெனச்சேன்! இத்தனை வருசமா வித்துருக்கேன், இதுதான் நிறம்னு ஒருத்தரும் சொல்லலையே!”

யார் சொல்வார்கள்? உங்கள் ஆண்களுக்கும் அது வலையில் வரும்போதே வேறு நிறமாகிவிட்டிருக்குமோ என்னவோ. அன்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் பார்த்து முதலில் பெயர் தெரியாமல் விழித்தாய். பிறகு வாயையும் வாலையும் வைத்துக் கண்டுபிடித்தாய். கரையோரம் சின்னச் சுறாக்கள் நம் கால்களுக்குப் பக்கத்தில் வந்தபோது நான் அலறினேன். நீ அவற்றிடம், “போங்கடா, இன்னிக்கு உங்களை யாரும் புட்டு வைக்கமாட்டாங்க” என்றாய்.

இரண்டாம்நாள் விடியலில் ஆழ்கடலுக்குப் போனோம். டால்பின் என்கிறார்களே, அந்த ஓங்கில்கள் கூட்டமாகத் துள்ளின. திமிங்கிலம் வரவில்லை. மூன்றாம்நாளும் போனோம். அதுதான் கடைசி; மறுநாள் கப்பல். வெயில் ஏறியது. உடன் வந்தவர்கள் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோனார்கள். படகுக்காரர் கடலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு இல்லைப் போல. திரும்புவம்” என்றார்.

நீ அணியத்தில், அதுதான் படகின் மூக்குப் பக்கம், காற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய்.

“கொஞ்சம் நில்லுங்க தம்பி. கூனி வாடை அடிக்குது.”

அவர் புரியாமல் பார்த்தார். எனக்குத் தலைசுற்றல், பசி, எரிச்சல். வாய் சும்மா இருக்கவில்லை.

“உனக்கு எங்க போனாலும் கூனி வாடைதான். உன் சேலையிலேந்துதான் வருது.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. படகில் இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ்ஸில் உன்னைப் பின்னால் போகச் சொல்லும் கண்டக்டர்களைப் பற்றி நீ சொல்லும்போதெல்லாம் அவர்களைத் திட்டியவள் நான். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாய், காற்று அதைத் தொடாதபடி. அந்தக் கை இப்போதும் என் கண்முன் இருக்கிறது.

ஆனால் நீ இடத்தை விட்டு அசையவுமில்லை. “காத்து அந்தாண்டேந்து வருது தம்பி. கொஞ்சம் நில்லுங்க, வரும்” என்றாய் மறுபடியும். அவர் என்ன நினைத்தாரோ, என்ஜினை அணைத்தார்.

போர்செட் போட்டதும் தண்ணீருக்கு முன்னால் குழாய் காற்றைத் துப்புமே, அந்தச் சத்தம். ஆனால் ஊரிலுள்ள குழாய் எல்லாம் சேர்ந்து துப்பிய மாதிரி. நீ காட்டிய திசையில் வெள்ளையாகப் புகை எழுந்தது. பிறகு முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது, எங்கள் வீட்டு வாசலில் தொடங்கிக் கொல்லைவரை. நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. அதன் மூச்சு நம் மேல் வந்து படிந்தது. சத்தியமாகக் கூனி வாடை.

“இது தின்னுறதே கூனி மாதிரிப் பொடிதான் அம்மா. வேற ஒண்டும் இல்லை” என்றார் படகுக்காரர், உன்னை அதிசயமாகப் பார்த்தபடி.

“இவ்ளோ பெரிசு கூனியையா தின்னுது?” என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அழுதாய், சிரித்தாய். அது வாலைத் தூக்கி உள்ளே போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாய்.

“இப்ப யாரு சேலைலேந்து வருதுக்கா?”

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். சுருட்டி வைத்திருந்த முந்தானையை உதறிவிட்டுக்கொண்டாய். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் கேட்கவில்லை. ஊருக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேனா, சிரித்ததோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேனா, தெரியவில்லை.

தடைக்காலம் முடிந்து நீ முதலில் கொண்டுவந்தது இந்த டப்பாதான். “திமிங்கிலச் சாப்பாடுக்கா, பத்திரமா வெச்சுக்குங்க” என்று படியில் வைத்தாய். அன்றும் நான் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. கார்த்திகை மழையில் உனக்கு நெஞ்சுவலி என்று உன் மகள் போன் செய்தாள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல்முறை. உன் மகள் எனக்கு நாற்காலி போட்டாள்.

இப்போது கூனி வாடை எங்கே அடித்தாலும் நான் மூக்கை மூடுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். அந்தப் பழக்கம் நீ கொடுத்தது.

மருமகள் பொறுக்கமாட்டாமல் சமையற்கட்டுக்கே வந்துவிட்டாள். “இது அந்த மீன்காரம்மா குடுத்ததா அத்தை?”

“மீன்காரம்மா இல்லடி. என் அக்கா” என்றேன்.

வேடிக்கைக்கு இல்லாமல் அப்படிச் சொன்னது இதுதான் முதல்முறை. கேட்க நீ இல்லை. டப்பா இன்னும் திறந்துதான் இருக்கிறது, அக்கா.