பயன்படுத்தாமல் இருந்தால் மட்டும்

ஜூன் 14, சனி
காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. அடையாறு கிளினிக்கில் அரை நாள் ட்யூட்டி.

சாயங்காலம் டியூஷன் ஆப் கம்பெனிப் பையன் வந்தான். "இலவச டெமோ, அரை மணி நேரம்தான் மேடம்" என்று போனில் சொன்னவன். நிவேதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னக் கணக்கு கேட்டான். வரவில்லை. இன்னொன்று. அதுவும் வரவில்லை.

"பாத்தீங்களா சார், பேஸே இல்ல. ஏழாவதுல விட்டுட்டீங்கன்னா பத்தாவதுல அழுவாங்க."

அவள் இப்போதே அழுதாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவன் எழுந்திருக்கவில்லை. "யோசிச்சு சொல்றோம் தம்பி" என்றார் இவர்.

"பொண்ணு படிப்புக்கு இன்னா சார் யோசனை? ஆஃபர் இன்னியோட முடியுது. புடிக்கலன்னா பதினஞ்சு நாள்ல ரிட்டர்ன். நான் கேரண்டி."

இவர் என்னைப் பார்த்தார். நான் நிவேதாவைப் பார்த்தேன். ஓடிபி சொல்லிவிட்டோம். இரண்டு வருடத் தவணை. டேப்லெட்டைக் கையோடு கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூன் 15, ஞாயிறு
தூக்கமில்லை. இவருக்குக் கடையில் ஆடித் தள்ளுபடி ஸ்டாக் வேலை, ஞாயிறும் லீவு கிடையாது. கிளம்பும்முன் பேசினோம். நம்மால் முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. டேப்லெட் பெட்டியோடு பீரோ மேல்.

நேற்று விடாமல் கூப்பிட்டவன் இன்று போனையே எடுக்கவில்லை.

"என்னாலதானேம்மா?" என்றாள் நிவேதா. இல்லைடி என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
கஸ்டமர் கேர். பாட்டு. ஒன்றை அழுத்து. மறுபடி பாட்டு. "உங்க ரெக்வஸ்ட் எடுத்தாச்சு மேடம், சீனியர் கூப்பிடுவாங்க."

மீன் விற்கும் மேரியக்கா வந்தாள். "இன்னாம்மா, மூஞ்சி ஒருமாரி கீது?" சொன்னேன். "ஊட்டுக்கே வந்து ஏமாத்திக்கினு போறானுங்களா? நேர்ல போய் கத்தும்மா."

நெத்திலி நன்றாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி
சீனியர் கூப்பிட்டார். கேன்சல் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. "பொண்ணு ஃபியூச்சரோட விளையாடாதீங்க மேடம்." நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகாரைப் பதிந்துகொண்டு, ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார்கள். பேஷண்ட் இல்லாத நேரத்தில் போனிலேயே படித்தேன். பதினைந்து நாளுக்குள் திருப்பலாம், பயன்படுத்தாமல் இருந்தால் மட்டும்.

நிம்மதி. பெட்டி பீரோ மேல்தானே இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஜூன் 24, செவ்வாய்
இவர் கடையில் பர்மிஷன் போட்டார். இருவரும் அந்தக் கம்பெனியின் தி.நகர் ஆபீஸுக்கு. மேனேஜர் சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாப்பா நெறய க்ளாஸ் பாத்திருக்காங்களே மேடம். டெய்லி ஸ்கூல் விட்டதும். யூஸ் பண்ணிட்டா ரிட்டர்ன் கெடயாது."

நான் கிளினிக்கிலிருந்து வரும்முன் இறக்கி, பார்த்து, திரும்ப மேலே வைத்திருக்கிறாள்.

"கொழந்த சார். திருப்பிக் கொடுக்க முடியலன்னு நாங்க பேசிக்கிட்டத கேட்டு, காசு வீணாப்போகக் கூடாதேன்னு பாத்திருக்கும் சார்" என்றார் இவர். புடவை வாங்க வந்தவர்களிடம் பேசும் அதே குரல்.

"புரியுது சார்."

புரிந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி, மகனோடு. அவர்களுக்கும் ஆஃபர் இன்றோடு முடிகிறதாம். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு டீ வந்துவிட்டது.

பஸ்ஸில் இவர்: "அவகிட்ட ஒண்ணும் கேக்காத."

கதவைத் திறந்ததுமே, "கேன்சல் ஆச்சாப்பா?"

"ஆயிடுச்சும்மா." நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

ஜூன் 25, புதன்
டேப்லெட் இனி வீட்டில் இருக்கக்கூடாது. காலையில் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து இவர் கடைக்கு எடுத்துப்போனார். அங்கே லாக்கரில் கிடக்கட்டும். தவணை மெசேஜ் என் போனுக்கு வராமல் மாற்றணும், அவள் எடுத்துப் பார்ப்பாள்.

சாயங்காலம் தூறல். இத்தனை நாளாக விளையாடக் கீழே இறங்காதவள், "அம்மா, கீழ போறேன்" என்று ஷட்டில் மட்டையோடு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.